களிமண்ணில் ஒரு ஸ்லைடிங் கேட்: மன்னார்குடிப் பக்கத்து வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணி ஆற்றங்கரையை ஒட்டிய கிராமம். வீட்டில் இருப்பவர்கள் இருவர்: 76 வயதுப் பெரியவர், 71 வயதான அவருடைய மனைவி. மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். மகள் திருச்சியில் இருக்கிறார்; விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வந்து போவார்.

ஒரு மாசி மாத இரவில் பெரியவருக்கு மூச்சுத் திணறல் வந்தது. 108 வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. ஆனால் 14 அடி நீள ஸ்லைடிங் கேட்டை அந்த அம்மாவால் ஓரடிக்கு மேல் தள்ள முடியவில்லை. இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். வண்டியில் வந்தவர்கள் இடுக்கில் கைவிட்டு இழுத்துத்தான் திறந்தார்கள். பெரியவர் நலமாகத் திரும்பி வந்தார். கேட்டின் நினைவு மட்டும் வீட்டில் எல்லோர் மனத்திலும் முள்ளாகத் தங்கிவிட்டது. கேட்டுகளுக்கு மோட்டார் பொருத்துவது என் தொழில். மே மாதம் மகன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "ரிமோட்டை அமுக்கினால் திறக்க வேண்டும், அண்ணே. செலவைப் பற்றி யோசிக்காதீர்கள்."

அவர் கேட்டது மோட்டார். அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது, நள்ளிரவிலும் அந்த அம்மா தன் கையால் திறக்கக்கூடிய ஒரு வழி. இரண்டும் ஒன்றுதான் என்று அன்று நானும் நினைத்தேன். அந்த நினைப்பு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை, இதே வேலையைச் செய்பவர்களும் செய்துகொள்ளப் போகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

## மே: கேட்டைப் பார்த்தது

மோட்டாரைப் பற்றிப் பேசுவதற்கு முன் கேட்டைக் கையால் இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். பயணப் பெட்டியை எடை போடும் கொக்கித் தராசு ஒன்று எப்போதும் பையில் இருக்கும். கேட்டின் கைப்பிடியில் கொக்கியை மாட்டி மெதுவாக இழுத்தால், அது நகர எவ்வளவு விசை வேண்டும் என்று தராசே சொல்லிவிடும்.

கேட்டின் எடையை முதலில் கணக்கிட்டேன். 14 அடிக்கு 5½ அடி, அதாவது ஏறக்குறைய 7.2 சதுர மீட்டர். முழுவதும் 1.6 மில்லிமீட்டர் தகடு. இரும்பின் அடர்த்தி கனமீட்டருக்கு 7,850 கிலோ என்பதால் தகடு மட்டுமே 90 கிலோ. சட்டம், குறுக்குப் பட்டை, சக்கரங்களையும் சேர்த்தால் 220 கிலோவை ஒட்டி வரும். நல்ல பேரிங்கும் மட்டமான தண்டவாளமும் இருந்தால் இத்தகைய கேட்டை ஏழெட்டுக் கிலோ இழுப்பில் நகர்த்தலாம். தராசு காட்டியது 24 கிலோ. நடுவில் ஓரிடத்தில் 31.

காரணங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பின் சக்கரத்தின் பேரிங் துருப்பிடித்து இறுகியிருந்தது. மேலே வழிகாட்டும் உருளைகளே இல்லை. கேட்டின் மேல்சட்டம் ஒரு குழாயில் உரசிக்கொண்டே போனது. தண்டவாளமாகக் கிடந்த ஆங்கிள் இரும்பு, கழிவுநீர்க் குழாய் குறுக்கே போகும் இடத்தில் அரை அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தது. கேட் அந்தப் பள்ளத்தில் இறங்கி மறுபக்கம் ஏற வேண்டியிருந்தது.

மின்சாரத்தையும் பார்த்தேன். காலை 10 மணிக்கு 226 வோல்ட். மாலை 7 மணிக்கு 178. குறுவை நாற்றங்காலுக்காகச் சுற்றிலும் பம்புசெட்டுகள் ஓடிக்கொண்டிருந்த சமயம் அது. எர்த் கம்பி மண்ணுக்கு மேலேயே அறுந்து கிடந்தது.

## எந்த மோட்டார், ஏன்

மகன் 1,000 கிலோ எடைக் கேட்டை ஓட்டும் வகை மோட்டாரையே போடச் சொன்னார். கேட் கனமாக ஓடுகிறது, பெரிய மோட்டார் இழுத்துவிடும் என்பது அவர் எண்ணம். நான் மறுத்தேன். பெரிய மோட்டார் கேட்டின் நோயைத் தீர்க்காது, மறைத்து வைக்கும். இடையில் ஒரு கால் அகப்பட்டால் அதையும் அதே பலத்தோடுதான் தள்ளும்.

24 வோல்ட் டிசி மோட்டாரைத் தேர்ந்தேன். நேரடியாக ஏசியில் ஓடும் மோட்டாரின் இழுவிசை, வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 178 இருந்தால் விசை 60 விழுக்காடுதான் கிடைக்கும். டிசி மோட்டாரில் இடையே மின்சாரத்தை மாற்றிச் சீராகக் கொடுக்கும் மின்பலகை இருப்பதால் இந்தச் சரிவு பெரும்பாலும் தெரியாது. முனையில் வேகத்தைக் குறைத்து மெல்ல நிறுத்தவும், தடை வந்தால் உணரவும் அது வசதி. பேட்டரியும் இணைக்கலாம்.

பேட்டரியைப் பெரியவர்தான் வற்புறுத்தினார். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது இந்த ஊரில் தென்னை, மின்கம்பம் எல்லாம் சாய்ந்தன. மின்சாரம் திரும்பி வரப் பல நாள்கள் ஆயின. ஆனால் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைப் பலரும் தவறாகவே கணக்கிடுகிறார்கள். 24 வோல்ட், 7 ஆம்பியர்-மணி என்றால் 168 வாட்-மணி. கேட் ஒருமுறை திறக்க ஒரு வாட்-மணிகூடச் செலவாகாது. அப்படியானால் நூறு முறைக்கு மேல் திறக்கலாம் என்று தோன்றும். சும்மா இருக்கும்போதும் பலகை, சென்சார், ரிமோட் ரிசீவர் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 6 வாட் இழுத்துக்கொண்டே இருக்கும். 168-ஐ 6-ஆல் வகுத்தால் 28 மணி நேரம். யாரும் கேட்டைத் தொடாவிட்டாலும் மறுநாள் பேட்டரி காலி. இதைப் பெரியவரிடம் சொன்னேன். "அப்புறம்?" என்று கேட்டார். "சாவி போட்டு மோட்டாரை விடுவித்துவிட்டுக் கையால் தள்ளலாம், ஐயா" என்றேன். விடுவிக்கும் முறையை அவருக்குச் செய்தும் காட்டினேன். பக்கத்தில் நின்றிருந்த அம்மாவைச் செய்துபார்க்கச் சொல்லவில்லை.

## ஜூன்: வேலை

பேரிங் மாற்றினோம். மேலே நைலான் உருளைகள் வைத்தோம். தண்டவாளத்தை முழுவதும் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும் என்று சொன்னேன். திறப்பு 14 அடி, கேட் பின்னால் ஓடும் இடம் 14 அடி, ஆக 28 அடி. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வரும் நேரம், ஆள் கிடைக்காது, செலவும் ஏறும் என்று வீட்டில் தயங்கினார்கள். இறங்கிய இடத்தை மட்டும் தூக்கிச் சரிசெய்ய ஒப்புக்கொண்டேன். இந்த வேலையில் நான் எடுத்த தவறான முடிவுகளில் முதலாவது இது.

மோட்டாருக்கு ஓரடி ஆழத்தில் தனி மேடை கட்டினோம். கேட்டில் ரேக் எனும் பல் வைத்த நீளப் பட்டையைப் பொருத்தி, அதை நகர்த்தும் மோட்டாரின் பல்சக்கரமான பினியனுக்கும் ரேக்குக்கும் இடையே 1.5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டேன். இந்த இடைவெளிதான் மோட்டாரின் உயிர். கேட்டின் எடை முழுவதும் சக்கரங்களின் மேல் இருக்க வேண்டும்; பினியன் மேல் ஒரு கிலோகூட விழக் கூடாது.

மற்றவை: இரண்டு முனையிலும் இரும்புத் தடுப்புகள், மின்னோட்டம் மிகுந்தால் துண்டிக்கும் தனி எம்சிபி, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி, புதிய எர்த், பூமிக்குள் 2 அடி ஆழத்தில் கேபிள். தூண்களில் அரை மீட்டர் உயரத்தில் ஒரு ஜோடி ஒளி சென்சார். கேட் மூடும்போது யாராவது நடுவில் வந்தால் அது திரும்பிவிடும். பெட்டிக்குள் கேபிள் நுழையும் துளையை சிலிக்கானால் அடைத்து, அந்துருண்டை இரண்டு போட்டேன். நம் பக்கத்தில் மின்பலகைகளைக் கெடுப்பதில் இடிக்கு அடுத்தபடி பல்லியும் எறும்பும்தான்.

வேலை முடிந்ததும் இழுப்பு 7 கிலோ. எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கும்தான்.

## ஐப்பசி, கார்த்திகை

ஐப்பசி அடைமழைக்குப் பிறகு முதல் அழைப்பு வந்தது. கேட் பாதி திறந்து நின்று, திரும்பி மூடுகிறது. நான் திருத்துறைப்பூண்டியில் வேறொரு வேலையில் இருந்தேன். உதவியாளரை அனுப்பினேன். எவ்வளவு விசைக்கு மேல் போனால் தடை என்று மோட்டார் நிற்க வேண்டுமோ, அந்த அளவைக் கூட்டினால் சரியாகிவிடுமா என்று அவர் தொலைபேசியில் கேட்டார். சரி, கூட்டு என்றேன். பலகையில் இருக்கும் சிறு திருகு அது; சற்றுத் திருப்பினால் போதும். கேட் ஓடத் தொடங்கியது. புகார் நின்றது. கொக்கித் தராசை மாட்டி இழுத்துப் பார்க்கும்படி நான் சொல்லவில்லை. இது இரண்டாவது தவறு. இதைத்தான் என்னால் இன்னும் மன்னித்துக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் கேட் தன் நோயைச் சொல்ல வாயைத் திறந்தபோது நான் அதை அடைத்தேன்.

கார்த்திகையில் இரண்டு நாள் மின்வெட்டு. கணக்குப் போட்டபடியே மறுநாள் பேட்டரி அடங்கியது. மாலையில் அம்மா அழைத்தார்.

"தம்பி, சாவி கையில் இருக்கிறது. குனிய முடியவில்லையே."

மோட்டாரை விடுவிக்கும் நெம்புகோல் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தது. சாவியைத் திருகி, நெம்புகோலை இழுக்க, ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். முழங்கால் மடங்காத ஒருவருக்காகப் போட்ட கேட்டில், முழங்காலை மடக்கினால்தான் திறக்கும் பூட்டை வைத்திருந்தேன். பெரியவர் அன்று காய்ச்சலில் படுத்திருந்தார். எதிர்வீட்டுப் பையனை அழைத்துத் திறந்தார்கள்.

## போகி அன்று

மகள் குடும்பத்தோடு பொங்கலுக்கு வந்திருந்தார். போகிக்கு வீட்டை வெள்ளையடிப்பதற்காகச் சாமான்களை வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். கேட் திறந்து பின்னால் ஓடும் சுவரோரத்தில் பெரியவரின் சைக்கிள் நின்றது. மருமகன் கடைத்தெருவுக்குப் போய்விட்டுக் காரில் திரும்பினார். தெருவில் இருந்தபடியே ரிமோட்டை அழுத்தினார். மதில் மறைத்ததால் உள்ளே சுவரோரம் அவருக்குத் தெரியவில்லை.

கேட்டின் பின்முனை சைக்கிளைச் சுவரோடு வைத்து அழுத்தியது. நிற்கவில்லை. பின் சக்கரம் அப்பளம் போல மடிந்த பிறகே நின்றது.

அந்தச் சுவரில் பூசணிக்கொடி படர்ந்திருந்தது. கோலத்தில் வைக்கப் பூப்பறிக்க, ஐந்து வயதுப் பேத்தி அந்த ஒரு வாரமும் காலையில் அங்கேதான் நின்றாள். அன்றும் நின்றிருக்கிறாள். பூவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ச் சிறிது நேரம்தான் ஆகியிருந்தது.

எனக்குத் தகவல் வந்தவுடன் மோட்டாரின் மின்சாரத்தை நிறுத்தி, விடுவித்துக் கையால் தள்ளிக்கொள்ளச் சொன்னேன். பொங்கல் அன்று மதியம் நேரில் போனேன்.

## கண்டறிந்தவை

ஆள் ஏறி நின்று எடை பார்க்கும் தராசைக் கேட்டின் பின்முனைக்கும் சுவருக்கும் இடையே கட்டையோடு நிறுத்தி, கேட்டை ஓட்டிப் பார்த்தேன். 60 கிலோவைத் தாண்டியது. ஜூனில் நான் வைத்த அளவுக்குத் திருகைக் குறைத்தபோது 25 கிலோவுக்குள் நின்று திரும்பியது. இது துல்லியமான அளவீடு அல்ல. திடீர் மோதலின் உச்சத்தை இந்தத் தராசு சரியாகப் பிடிக்காது. ஒப்பிடுவதற்குப் போதும். தானியங்கிக் கேட்டுகளுக்கான ஐரோப்பியத் தரநிலையான இஎன் 12453, நசுங்கக்கூடிய குறுகிய இடைவெளிகளில் மோதல் விசையை 400 நியூட்டனுக்குள், அதாவது சுமார் 40 கிலோ எடைக்குள் வைக்கச் சொல்கிறது.

சென்சார் பழுதாகவில்லை. அது தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தது. ஆனால் அது காப்பது மூடும் பாதையை மட்டும். திறக்கும்போது கேட்டின் வால் போகும் பாதைக்கு எந்தக் காவலும் இல்லை.

கேட் ஐப்பசியிலேயே ஏன் தடுமாறியது? பினியனுக்கும் ரேக்குக்கும் இடையில் ஒரு தாளைச் செருகிப் பார்த்தேன். நுழையவில்லை. 1.5 மில்லிமீட்டர் காணாமல் போயிருந்தது. நம் காவிரி டெல்டாவின் களிமண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். தண்ணீர் குடித்ததும் உப்பும். ஜூனில் காய்ந்து சுருங்கிய மண்ணின் மேல் ஓரடி ஆழத்தில் சின்ன மேடையைக் கட்டியிருந்தேன். மழையில் மண் உப்பி, அந்த மேடையைத் தூக்கியது. கேட்டின் பாரம் ஏறிய தண்டவாள அடித்தளம் அந்த அளவுக்கு எழவில்லை. மேடை தனியாகவும் தண்டவாளம் தனியாகவும் இருந்ததால் இரண்டும் வேறு வேறு அளவில் நகர்ந்தன. பினியன் போய் ரேக்கை முட்டுக் கொடுத்துத் தாங்கியது. மோட்டார் அதைத் தடையாக உணர்ந்து சரியாகத்தான் நின்றது. அதன் உணர்வை நாங்கள் மழுங்கடித்தோம்.

## மாசி: மறு வேலை

அறுவடை முடிந்து, மண் ஈரம் வற்றியும் வெடிப்பு விடாமலும் இருக்கும் மாசியைத் தேர்ந்தெடுத்தோம். தண்டவாளத்தை முழுவதும் பெயர்த்தோம். 28 அடிக்கும் 1½ அடி அகலத்தில், 2½ அடி ஆழத்துக்குக் களியை வெட்டி எடுத்து, அடியில் மணலும் ஜல்லியும் போட்டுத் திமிசு அடித்தோம். அதன் மேல் நான்கு 10 மில்லிமீட்டர் கம்பியும் ரிங்கும் கட்டிக் கான்கிரீட் பீம். மோட்டார் மேடையின் கம்பிகளை அந்தப் பீமின் கம்பிகளோடு பிணைத்து ஒரே நாளில் வார்த்தோம். இனி மண் அசைந்தால் இரண்டும் சேர்ந்தே அசையும்.

மேடையை 1½ அடி உயர்த்தினோம். அதற்கேற்ப ரேக்கைக் கேட்டின் நடுச்சட்டத்துக்கு ஏற்றினோம். தெருவில் தேங்கும் மழைநீர் இனி மோட்டாரைத் தொடாது. நெம்புகோலும் கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்தது. வால் ஓடும் சுவரோரத்தை முழு உயரக் கம்பிவலையால் அடைத்தோம். பூசணிக்கொடி வலைக்கு வெளியே மாறியது. பின்முனையில் அழுத்தினால் உடனே நிறுத்தும் ரப்பர் பட்டை. திறக்கும் பாதைக்கு இரண்டாவது ஜோடி சென்சார். கேட் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து ரிமோட்டை அழுத்தக் கூடாது என்று வீட்டிலுள்ள ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொன்னேன்.

இந்த மண் வேலைக்கு ஆன 38,000 ரூபாயில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். முதலில் மோட்டார், ரேக், கூலி எல்லாம் சேர்ந்து 52,000 ஆகியிருந்தது. ஜூனிலேயே முழுத் தண்டவாளத்தையும் போட்டிருந்தால் பெயர்த்து எடுக்கும் கூலியாவது மிஞ்சியிருக்கும்.

வேலை முடியும் நாளில், அம்மாவை அழைத்து நெம்புகோலை இழுக்கச் சொன்னேன். இழுத்தார். கேட்டையும் தள்ளினார். ஆனாலும் இருட்டில், மழையில், பதற்றத்தில் சாவியைத் தேடித் துளையில் பொருத்த வேண்டியிருக்குமே என்று எனக்கு நெஞ்சு ஆறவில்லை. திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்தான் சொன்னார்.

"கோட்டைக் கதவுக்கே திட்டிவாசல் வைத்தார்கள், தம்பி."

பெரிய கதவுக்குள் வெட்டிய சின்னக் கதவுதான் திட்டிவாசல். ஆனால் ஓடும் கேட்டிலேயே சின்னக் கதவை வெட்டுவது ஆபத்து. அது திறந்திருக்கும்போது யாராவது ரிமோட்டை அழுத்தினால் உள்ளே நுழைபவர் இரும்புக்கிடையே மாட்டிக்கொள்வார். அதனால் கேட்டை விட்டு விலகி, மதிலின் மறுகோடியில் 3½ அடி அகலத்தில் தனிக் கதவு வைத்தோம். ஸ்ட்ரெச்சர் தாராளமாக நுழையும். இடுப்பு உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், படி கிடையாது, சரிவான சிமெண்ட் பாதை.

## என் வேலை முறையில் மாற்றியவை

களிமண் ஊர்களில் மோட்டார் மேடையைத் தனியாகக் கட்டுவதை நிறுத்திவிட்டேன். பீமோடு சேர்த்து வார்க்க வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால் அந்த வேலையை எடுப்பதில்லை. விசைத் திருகைத் தொடும் முன் கொக்கித் தராசில் இழுப்பைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது உதவியாளர்களுக்கு விதி. ஜூன் அளவையும் மழைக்காலத்து அளவையும் பெட்டி மூடியின் உட்புறத்தில் எழுதி வைக்கிறோம். ஐப்பசி முடிந்ததும் ஒருமுறை, சித்திரை வெடிப்பில் ஒருமுறை, நானே போய்ப் பினியன் இடைவெளியைப் பார்க்கிறேன். இதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. விடுவிக்கும் முறையை, வீட்டில் யாருக்கு அது மிகக் கடினமோ அவரைக் கொண்டே செய்ய வைக்கிறேன்.

## இப்போதைய நிலை

இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. சென்ற கார்த்திகையில் பார்த்தபோது இழுப்பு 8 கிலோ, பினியன் இடைவெளி 1.3 மில்லிமீட்டர். அந்தப் பருவத்தில் ஒரு விடியற்காலை பெரியவருக்கு மறுபடியும் மூச்சுத் திணறியது. மின்சாரம் இல்லை. அம்மா பெரிய கேட்டுப் பக்கமே போகவில்லை. சின்னக் கதவின் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு, டார்ச்சைத் தெருப்பக்கம் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். வண்டி தெருவில் நிற்க, ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்து வெளியே போனது.